17ஆ, 19ஆ? வீட்டுக்கும் ரேஞ்சுக்கும் ஒரே பிஸ்டல்

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். டெக்சஸில், டாலஸ் பக்கம் பிளேனோவில் வீடு. போன வருடம் உங்கள் இருவருக்கும் கிரீன் கார்டு வந்துவிட்டது. இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டில் திருட்டு நடந்த பிறகு, வீட்டில் ஒரு கைத்துப்பாக்கி இருக்கட்டும் என்று முடிவெடுத்திருக்கிறீர்கள். சனி ஞாயிறில் ரேஞ்சுக்குப் போய்க் குறிபார்த்துச் சுடவும் ஆசை. கடைக்காரர் காம்பேக்டான க்ளாக் 19ஐக் கையில் கொடுக்கிறார். அலுவலக நண்பர் முழு அளவான க்ளாக் 17தான் சரி என்கிறார். மனைவியின் கை சிறியது, எட்டு வயதில் மகள் இருக்கிறாள். எதை வாங்குவது?

மேலோட்டமாகப் பார்த்தால் இது அளவைப் பற்றிய கேள்வி. நீங்கள் உண்மையில் கேட்பது வேறு இரண்டு என்று நினைக்கிறேன்: சின்ன துப்பாக்கி சுடுவதற்குச் சுலபமா, பெரிய துப்பாக்கி வீட்டுக்குள் இடைஞ்சலா. இரண்டுக்கும் என் பதில் 'இல்லை'. என் யோக்கியதையையும் சொல்லிவிடுகிறேன். பதினோரு வருடமாக வார இறுதிகளில் புதியவர்களுக்குப் பிஸ்டல் வகுப்பு எடுக்கிறேன். மற்ற நாட்களில் மென்பொருள் வேலை. போலீசிலோ ராணுவத்திலோ இருந்ததில்லை, ஒரு மனிதனை நோக்கித் துப்பாக்கியை நீட்டியதும் இல்லை. ஆகவே ரேஞ்சில் நடப்பதைப் பற்றி உறுதியாகப் பேசுவேன். நடுராத்திரி வீட்டுக்குள் நடப்பதைப் பற்றி நான் சொல்வதைக் கொஞ்சம் தள்ளுபடி போட்டுப் படியுங்கள். சட்டம் பற்றிச் சொல்வதை ஒரு வழக்கறிஞரிடம் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

அதற்கு முன் இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு ஒன்று, ஏனென்றால் நம் ஆட்களில் பாதிப் பேருக்கு இது தெரியாது. எச்-1பி, எச்-4, எல்-1, எஃப்-1 போன்ற விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை அமெரிக்க மத்திய அரசின் சட்டம் தடை செய்கிறது. ஏதாவது ஒரு மாநிலம் கொடுத்த, காலாவதியாகாத வேட்டை உரிமம் இருப்பது போன்ற சில விதிவிலக்குகள் மட்டும் உண்டு. சொந்தமாக வாங்குவதற்குத்தான் தடை என்று நினைத்து, நண்பர்களோடு ரேஞ்சுக்குப் போய் வாடகைத் துப்பாக்கியில் சுட்டுப் படம் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். கையில் எடுத்தாலே அது வைத்திருப்பதுதான். கிரீன் கார்டு வைத்திருக்கும் நண்பர் தன் பெயரில் வாங்கி உங்களிடம் கொடுப்பது இன்னொரு குற்றம். ஒரே வீட்டில் கணவருக்குக் கிரீன் கார்டும் மனைவிக்கு விசாவும் என்றால், சேஃபின் எண் மனைவிக்குத் தெரிந்திருப்பதே வம்பில் கொண்டுபோய் விடலாம். உங்கள் வீட்டில் இருவருக்கும் கார்டு வந்துவிட்டதால் இந்தத் தலைவலி இல்லை.

சரி, துப்பாக்கிக்கு வருவோம். க்ளாக் 17 என்பது 1982இல் ஆஸ்திரிய ராணுவம் எடுத்துக்கொண்ட துப்பாக்கி. 1988இல் அதையே கொஞ்சம் நறுக்கி 19 என்று விற்றார்கள். எவ்வளவு நறுக்கினார்கள் என்று ஸ்கேல் வைத்துப் பாருங்கள். பேரல், அதாவது குண்டு வெளியேறும் குழல், 114 மி.மீ.இல் இருந்து 102 ஆனது. உயரம் 139இல் இருந்து 128. காலி எடையில் வித்தியாசம் 30 கிராம் அளவுக்கு, ஒரு சின்ன பிஸ்கட் பாக்கெட் எடைகூட இல்லை. கைப்பிடிக்குள் நுழையும் தோட்டாப் பெட்டியான மேகசினில் 17 தோட்டாவுக்குப் பதில் 15. இவ்வளவுதான். கடைக் கண்ணாடிக்குள் பக்கத்துப் பக்கத்தில் பார்க்கும்போது 'பெரிசு, சிறிசு' என்று தோன்றும். நடுவில் ஒரு விரல் தடிமன்தான் வித்தியாசம்.

நீள பேரல் என்றால் குறி தப்பாது என்பது பரவலான நம்பிக்கை. அது பாதிப் பொய். மணல் மூட்டையில் சாய்த்து, கை நடுக்கம் இல்லாமல் சுட்டால் 17உம் 19உம் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் துளை போடும். பேரல் நீளம் கூடினால் குண்டின் வேகம் கொஞ்சம் கூடும். இவை இரண்டும் சுடுகிற 9 மி.மீ. தோட்டாவில் இந்த 12 மி.மீ. வித்தியாசத்துக்கு நொடிக்கு ஏறக்குறைய 10 மீட்டர், மொத்த வேகம் சுமார் 350 மீட்டர். உங்கள் படுக்கையறைக்கோ ரேஞ்சின் அட்டைக்கோ இது ஒரு பொருட்டே இல்லை.

நீளம் உதவுவது வேறு இடத்தில். குறிபார்ப்பதற்காக மேலே இருக்கும் முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் உள்ள இடைவெளி 17இல் 165 மி.மீ., 19இல் 153 மி.மீ. முன் சைட் ஒரு மி.மீ. விலகியிருந்தால் என்ன ஆகும் என்று பள்ளிக்கூடத்து ஒத்த முக்கோணக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 25 கஜத்தில், அதாவது சுமார் 23 மீட்டரில், 17 வைத்திருப்பவரின் குண்டு 14 செ.மீ. தள்ளி விழும், 19 வைத்திருப்பவரின் குண்டு 15 செ.மீ. தள்ளி விழும். வீட்டுக்குள் இருக்கக்கூடிய தூரமான 7 கஜத்தில் 39 மி.மீ.க்கு 42 மி.மீ. மூன்று மி.மீ. வித்தியாசத்துக்காகவா இத்தனை வாக்குவாதம்? மேலே ரெட் டாட் என்ற சிவப்புப் புள்ளி காட்டும் கண்ணாடியை மாட்டிவிட்டால் அந்த மூன்று மி.மீ.யும் போய்விடும், ஏனென்றால் அங்கே ஒன்றோடொன்று சேர்த்துப் பார்க்க இரண்டு சைட் கிடையாது.

அப்படியென்றால் இரண்டும் ஒன்றா என்றால், அதுவும் இல்லை. நான் வகுப்பில் கண்ணால் பார்க்கிற வித்தியாசம் கைப்பிடியில் இருக்கிறது. 19இன் கைப்பிடி 11 மி.மீ. குட்டை. பெரிய கைக்காரர்களுக்குச் சுண்டுவிரல் பாதி கீழே தொங்கும். துப்பாக்கி உதைக்கும்போது மேலே எம்புகிற வாயை அடக்குவது கீழ்விரல்களும், பக்கத்தில் வந்து ஒட்டுகிற இடது உள்ளங்கையும்தான். அந்த உள்ளங்கைக்கு இடம் குறைந்தால் நாலைந்து குண்டுக்குப் பிறகு பிடி தளர்ந்து, ஒவ்வொரு முறையும் திரும்பப் பிடிக்க வேண்டியிருக்கும். அட்டையில் துளைகள் சிதறுவது பெரும்பாலும் அங்கேதான் ஆரம்பிக்கிறது. 17இல் இது குறைவு. 19இல் கொஞ்சம் உண்டு, சமாளிக்கலாம். 2018இல் வந்த சிக் பி365 போன்ற அரைக் கிலோ எடையும் 79 மி.மீ. பேரலும் கொண்ட குட்டித் துப்பாக்கிகளில் இதுவே பெரிய தொல்லை.

அந்தத் தொல்லையைக் காசு கொடுத்து அனுபவித்தவன் நான். முதன்முதலில் வாங்கியது கையளவுக் குட்டி ஒன்று. 'கையில் அழகா உட்காருது' என்பதுதான் காரணம். முதல் நாள் ஐம்பது குண்டு சுட்டேன், இரண்டாம் நாள் கட்டைவிரல் இடுக்கில் வலி, மூன்றாம் முறை ரேஞ்சுக்குப் போகவே மனசு வரவில்லை. சுடுவதற்கு முன்னாலேயே கண்ணை மூடிக்கொண்டு விசையை வெடுக்கென்று இழுக்கும் கெட்ட பழக்கம் ஒட்டிக்கொண்டது. ஆறு மாதத்தில் நஷ்டத்துக்கு விற்றேன். அந்தப் பழக்கத்தை விடத்தான் அதைவிட அதிக நாள் ஆனது. எடை குறைந்த துப்பாக்கி அதிகமாக உதைக்கும் என்பது நியூட்டன் சொன்ன விஷயம், அதில் விவாதம் இல்லை. சின்ன துப்பாக்கி என்பது ஒளித்து எடுத்துப்போகச் செய்த ஏற்பாடு. வசதியாகச் சுடுவதை அதற்காக விட்டுக்கொடுத்திருக்கிறார்கள்.

உங்கள் மனைவி விஷயத்தில் கடைக்காரர் சொன்னதை நான் ஏற்கமாட்டேன். கை சிறியதென்றால் காம்பேக்ட் என்பது இங்கே பல கடைகளில் பெண்களிடம் பழக்கதோஷத்தில் சொல்வது. 17உம் 19உம் கைப்பிடியின் சுற்றளவில் ஒன்றுதான், உயரத்தில்தான் வேறு. சிறிய கைக்குத் தொந்தரவு தருவது உயரம் அல்ல, சுற்றளவும் ஆள்காட்டிவிரல் விசையை எட்டும் தூரமும். அவரிடம் காலித் துப்பாக்கியைக் கொடுத்து, பேரலும் முன்கையும் ஒரே நேர்கோட்டில் இருக்கும்படி பிடிக்கச் சொல்லுங்கள். கடைக்காரர் முன்னிலையில், துப்பாக்கியின் தோட்டா அறை காலியா என்று இருவரும் பார்த்த பிறகு, வாய்ப்பக்கம் ஆள் இல்லாத திசையில். விரலின் முதல் கணு விசையில் படிகிறதா? படிந்தால் 17ஏ போதும். எட்டவில்லை என்றால் 19உம் எட்டாது. அப்போது பார்க்க வேண்டியது கைப்பிடியின் பின்பக்கத் தகடு மாற்றக்கூடிய ஸ்மித் அண்ட் வெசன் எம் அண்ட் பி அல்லது சிறிய கைகளுக்கென்றே 2022இல் வந்த வால்தர் பிடிபி எஃப் வரிசை.

தோட்டாவை ஏற்ற, துப்பாக்கியின் நகரும் மேல்பகுதியான ஸ்லைடைப் பின்னால் இழுப்பதும் இதே கதை. ஸ்லைடு சிறுத்தால் எடை குறையும், அதை ஈடுகட்ட ஸ்பிரிங் பொதுவாக முறுக்காக இருக்கும். அதனால் குட்டித் துப்பாக்கி இழுப்பதற்குக் கடினம். என் வகுப்பில் ஒரு பெண்மணி, பல் மருத்துவர், குட்டி ஒன்றை வைத்துக்கொண்டு தன்னால் முடியவே முடியாது என்று கண் கலங்கினார். முழு அளவு ஒன்றைக் கொடுத்து, இடது கையால் ஸ்லைடை மேலிருந்து அழுத்திப் பிடித்துக்கொண்டு, வலது கையால் துப்பாக்கியை முன்னால் குத்துவது போலத் தள்ளச் சொன்னேன். இரண்டாவது முயற்சியில் வந்துவிட்டது. அதற்குப் பிறகும் வராதவர்களுக்காகவே ஸ்மித் அண்ட் வெசன் 2020இல் 9 மி.மீ.இல் ஷீல்டு ஈசி என்று ஒன்று கொண்டுவந்தது. மூட்டுவலி உள்ள பெரியவர்களுக்கும் அதைச் சொல்வேன்.

குறிபார்த்துச் சுடுவது என்றால் எந்த வகை என்று நீங்கள் சொல்லவில்லை. அட்டையில் நெருக்கமாகத் துளை போடும் நிதானமான விளையாட்டு என்றால் 17உம் வேண்டாம், 19உம் வேண்டாம். ரூகர் மார்க் 4 போன்ற, .22 என்ற சின்னத் தோட்டா சுடும் பிஸ்டல் வாங்குங்கள். உதை கிட்டத்தட்ட இல்லை. 9 மி.மீ. தோட்டா ஒன்று இன்றைக்குக் கால் டாலரை ஒட்டி விற்கிறது, .22இன் விலை அதில் பாதிக்கும் கீழே. விசையை அழுத்தும் கலையைக் கற்றுக்கொள்ள அதைவிட நல்ல வாத்தியார் இல்லை. போட்டிகளில் ஓடியாடிச் சுடுகிறவர்கள் பக்கம் போனால் எல்லாம் நீளமும் கனமும்தான். க்ளாக் 34இன் பேரல் 135 மி.மீ., சிஇசட் ஷேடோ 2 கிட்டத்தட்ட 1.3 கிலோ. அதைக் கையில் வாங்கும்போது நம் வீட்டு அம்மிக்குழவி ஞாபகம் வரும். சுட்டால் அசையாது. ரேஞ்சில் மட்டும் பார்த்தால் பெரிதுதான் நல்லது, இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

வீட்டுக்கு வருவோம். காம்பேக்டின் ஒரே பெரிய ஆதாயம் சட்டைக்குள் மறைவது. டெக்சஸில் 2021 செப்டம்பர் முதல், தகுதியுள்ள 21 வயதானவர் உரிமம் இல்லாமலே இடுப்பில் எடுத்துப் போகலாம் என்று ஆகிவிட்டது. நாளைக்கு நீங்களும் அப்படிச் செய்வதாக இருந்தால் 19ஐ வாங்குங்கள், அந்த 11 மி.மீ. கைப்பிடிதான் சட்டைக்கு வெளியே துருத்திக் காட்டிக்கொடுப்பது. ஆனால் நீங்கள் கேட்டது கட்டில் பக்கத்துச் சேஃபில் வைக்க. அங்கே யாரிடமிருந்து மறைக்கப் போகிறீர்கள்? வீட்டின் மூலைமுடுக்கில் நீளத் துப்பாக்கி சுவரில் இடிக்கும் என்கிறார்கள். 17 மொத்தமே 20 செ.மீ.தான். மேகசின் அளவைப் பொறுத்தவரை 15க்கும் 17க்கும் நடுவே வீட்டுக்குள் என்ன வித்தியாசம் வரும் என்று யாராவது உறுதியாகச் சொன்னால் நம்பாதீர்கள். நாளைக்கு வேலை மாறி கலிபோர்னியாவுக்கோ நியூஜெர்சிக்கோ போனால் இரண்டிலும் 10தான் அனுமதி, அதையும் மனதில் வையுங்கள்.

துப்பாக்கியின் அடியில் மாட்டும் டார்ச் விஷயத்தில் 17க்கு ஒரு சின்ன லாபம். டிஎல்ஆர்-1, எக்ஸ்300 போன்ற முழு அளவு விளக்குகள் அதன் வாயோடு சமமாக நிற்கும், 19இல் கொஞ்சம் முன்னால் நீட்டும். ஆனால் அந்த விளக்கை வைத்து வீட்டைத் தேடக் கூடாது. வெளிச்சம் எங்கே போகிறதோ அங்கேதான் துப்பாக்கியின் வாயும் போகும். தேடுவதற்குத் தனி டார்ச் வேண்டும்.

இதைச் சும்மா சொல்லவில்லை. என் அப்பா ஊரிலிருந்து வந்த இரண்டாம் நாள், விடியற்காலை மூன்று மணிக்குக் கார் ஷெட் கதவு திறக்கும் சத்தம். கண்ணைத் திறந்த மறுகணம் என் கை சேஃபில் இருந்தது. பக்கத்தில் மனைவி, 'மாமாவுக்குத் தூக்கம் வரல, காபிப் பொடி தேடுறாரு' என்றாள். ஊர் நேரத்திலேயே அவர் உடம்பு இருந்தது. நான் சேஃபைத் திறக்கக்கூட இல்லை, இருந்தாலும் அன்று முழுக்கக் கை நடுங்கியது. நம் வீடுகளில் வருடத்துக்கு ஆறு மாதம் அம்மா அப்பாவோ மாமனார் மாமியாரோ வந்து தங்குவார்கள். இருட்டில் ஸ்விட்ச் தேடித் தடவுகிற உருவம் யாருடையது என்று தெரிந்துகொள்வதற்கு 17உம் உதவாது, 19உம் உதவாது. 'யாரு?' என்று தமிழில் சத்தமாகக் கேட்பது உதவும்.

இங்கத்திய சுவர்களையும் மறக்காதீர்கள். நம் ஊர்ச் செங்கல் சுவர் இல்லை, மரச்சட்டத்தில் அரை அங்குல ஜிப்சம் பலகை அடித்தது. 9 மி.மீ. குண்டு இரண்டு மூன்று அறைகளைத் தாண்டிப் போகும். ரேஞ்சில் சுடும் முழு உலோக உறை குண்டை வீட்டில் வைக்காமல், முனையில் குழி உள்ள ஹாலோ பாயிண்ட் வகையை வையுங்கள். அதுவும் சுவரைத் துளைக்கத்தான் செய்யும், ஆனால் உடலில் பட்டால் விரிந்து வேகம் இழக்கும். மகளின் அறை உங்கள் அறைக்கு எந்தப் பக்கம் என்று இன்றைக்கே யோசித்து வையுங்கள். 9 மி.மீ. போதுமா, பெரிய குண்டு வேண்டாமா என்றும் யாராவது குழப்புவார்கள். எஃப்பிஐயே சுற்றிச் சுற்றி வந்து 9 மி.மீ.க்குத் திரும்பிவிட்டது, 2016இல் அவர்கள் எடுத்துக்கொண்டது 17எம், 19எம் என்ற இரண்டையும். அளவு விஷயத்தில் அவர்களே ஒன்றைத் தேர்ந்தெடுக்கவில்லை, பாருங்கள். ஊரில் லைசென்ஸ் வைத்திருக்கும் பெரியப்பா .32 போதும் என்றால், அவர் மேல் தப்பில்லை. இந்தியாவில் 9 மி.மீ. பொதுமக்களுக்குத் தடை செய்யப்பட்ட வகை, அவருக்குக் கிடைப்பது அதுதான்.

துப்பாக்கி வீட்டைப் பாதுகாக்குமா என்ற கேள்வியில்தான் எனக்கு உங்களைவிட அதிகத் தெளிவு கிடையாது. தற்காப்புக்காக வருடத்துக்கு 25 லட்சம் முறை துப்பாக்கி பயன்பட்டது என்று 1995இல் கிளெக், கெர்ட்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் கணக்குச் சொன்னார்கள். அரசின் குற்றப் பாதிப்புக் கணக்கெடுப்பு சொல்வது ஒரு லட்சத்தை ஒட்டியோ அதற்கும் கீழேயோ. இருபத்தைந்து மடங்கு இடைவெளி உள்ள இரண்டு எண்களை வைத்துக்கொண்டு யாரும் மார்தட்ட முடியாது. 1993இல் கெல்லர்மன் குழு, துப்பாக்கி உள்ள வீட்டில் கொலை நடக்கும் வாய்ப்பு 2.7 மடங்கு என்றது. அதன் முறையை இன்றுவரை கேள்வி கேட்கிறார்கள். ஆனால் ஒன்று சந்தேகத்துக்கு அப்பாற்பட்டது: 2021இல் இந்த நாட்டில் துப்பாக்கியால் இறந்த 48,830 பேரில் 26,328 பேர் தற்கொலை செய்துகொண்டவர்கள். வீட்டில் யாருக்காவது மனச்சோர்வு இருந்தால், வேலை போய் ஒருவர் உடைந்துபோயிருந்தால், இந்த வாங்கலைத் தள்ளிப்போடுங்கள். நான் இரண்டு பேரிடம் அப்படிச் சொல்லி வகுப்பை ஒத்திவைத்திருக்கிறேன்.

எட்டு வயது மகள் இருக்கும் வீட்டில் சேஃப் என்பது துப்பாக்கிக்குத் துணைப்பொருள் அல்ல, அதற்கு முன்னால் வாங்க வேண்டியது. டெக்சஸ் சட்டப்படி, 17 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளையின் கைக்கு எட்டும்படி உடனே சுடக்கூடிய துப்பாக்கியை அஜாக்கிரதையாக விட்டுவைத்து, அது பிள்ளையின் கைக்குப் போய்விட்டால் குற்றம் உங்கள் மேல். அலமாரியின் மேல் தட்டு, சேலைகளுக்கு நடுவே, கட்டில் மெத்தைக்கு அடியில் என்று நாம் ஒளிக்கிற எந்த இடமும் பிள்ளைகளுக்குத் தெரியாத இடம் அல்ல. சுவரிலோ கட்டில் சட்டத்திலோ போல்ட் போட்டு மாட்டுகிற, விரல் பொத்தான்களால் திறக்கிற சின்ன சேஃப் வாங்குங்கள். சின்ன சேஃபில் 17 நுழையுமா என்று உள்ளளவைப் பார்த்துக்கொள்ளுங்கள், விளக்கு மாட்டினால் சிலதில் மூடாது.

ஆகவே நான் உங்கள் இடத்தில் இருந்தால் 17. இடுப்பில் வைக்கும் எண்ணம் பத்தில் மூன்று பங்கு இருந்தாலும் 19. அந்தப் பக்கம் போனால் ஆறுதலாக இரண்டு விஷயம்: 17இன் மேகசின் 19இலும் பொருந்தும், 19இனுடையது 17இல் பொருந்தாது. 19இன் அதே அளவில் க்ளாக் 44 என்று .22 ஒன்று இருக்கிறது, மலிவாகப் பழகலாம். இரண்டுக்கும் நடுவில், 17இன் கைப்பிடியில் 19இன் ஸ்லைடை வைத்த 45 என்ற மாடலும் உண்டு. அதைச் சொன்னால் நீங்கள் இன்னும் குழம்புவீர்கள் என்றுதான் கடைசியில் சொல்கிறேன்.

வாங்குவதற்கு முன் வாடகைக்கு வைத்திருக்கும் ரேஞ்சுக்கு இருவரும் போங்கள். முதல் தடவை என்றால் ஒரு பயிற்றுநரை அமர்த்திக்கொள்ளுங்கள். காதுக்கு நுரைச் செருகியும் அதன்மேல் மஃப்பும் சேர்த்துப் போடுங்கள், மூடிய ரேஞ்சில் 9 மி.மீ. 160 டெசிபெல் அளவுக்கு வெடிக்கும். 7 கஜத்தில் காகிதத் தட்டு ஒன்றை மாட்டி 17இல் ஐம்பது, 19இல் ஐம்பது. உங்கள் மனைவியின் தட்டுகள் தனி, உங்களுடையது தனி. எந்தத் தட்டு எந்தத் துப்பாக்கி என்று பின்னால் எழுதி வைத்துவிட்டு, வீட்டுக்கு வந்து இரவு சாப்பிட்ட பிறகு எடுத்துப் பாருங்கள். முடிந்ததும் சோப்புப் போட்டு நன்றாகக் கை கழுவாமல் எதையும் வாயில் போடாதீர்கள், ஈயத்தூள் விரலில் ஒட்டியிருக்கும். இருவர் தட்டும் வேறு வேறு பதில் சொன்னால் மனைவியின் தட்டுப்படி வாங்குங்கள், நீங்கள் ஊரில் இல்லாத நாளில் வீட்டில் இருப்பது அவர்தான். சனிக்கிழமை மதியம் வாடகைக் கவுண்டரில் வரிசை நீளும், காலையில் திறக்கும்போதே போய்விடுங்கள்.